காகிதம் சுடும் துப்பாக்கி

1

இன்று அஷ்டமி. முதலமடை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அஷ்டமியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்களுக்கு நாளை நவமிதான் ஆயுத பூஜை. அரிவாளையும் கலப்பையையும் கழுவிப் பொட்டு வைத்து, பொரி கடலையோடு கும்பிட்டு, தசமியன்று எடுத்து வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். இங்கே கதை வேறு. நான் பிழைக்க வந்திருப்பது திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம். இங்கத்துக்காரர்கள் அஷ்டமியன்று பொழுது சாயும்போதே பூஜைக்கு வைத்துவிடுகிறார்கள். நவமி முழுக்க அதைத் தொடக்கூடாது. தசமி காலையில்தான் எடுக்க வேண்டும். இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் ஓர் இரவுதான் வித்தியாசம். அந்த ஓர் இரவு என் ஆசையில் மண்ணள்ளிப் போட்டு இன்றோடு ஒரு வருஷமாகிறது.

நான் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டர். காய்ச்சல்காரருக்குக் கொய்னா மருந்து கலக்கிக் கொடுப்பேன், கத்தி பட்ட காலுக்குக் கட்டுப் போடுவேன், ஊசி குத்துவேன். ஊரில் என் பங்காளிகள், மலைக்குப் போய் டாக்டராகிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. தயவுசெய்து வேண்டாம். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: துப்பாக்கி வாங்கினாயே, என்ன ஆச்சு? நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

2

தேயிலை விலை அடியோடு விழுந்து, துரைமார் பலர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிய காலம் அது. அவர்களுடைய கிளப்புக்குப் பின்னால் குறி சுடுகிற இடம் ஒன்று உண்டு. மலைச்சரிவை வெட்டி மண்சுவராக விட்டு, அதன் முன்னால் வட்டம் வட்டமாக அச்சடித்த காகிதத்தை மாட்டியிருப்பார்கள். இந்தக் கோடியில் குப்புறப் படுத்துக்கொண்டு சிறு குழல் துப்பாக்கியால் அதைச் சுட வேண்டும். குண்டு மிளகைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கும். சத்தமும் பெரிதாக வராது, விறகு முறிகிற மாதிரி ஒரு 'டப்'. கிளப்பில் ஆள் குறைந்துபோகவே, தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் வந்து பழகலாம் என்று எங்கள் சின்னத்துரை சொல்லிவிட்டார். சின்னத்துரை என்றால் உதவி மானேஜர். இருபத்தைந்து வயதுகூட ஆகாத வெள்ளைக்காரப் பையன்.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அவர் தன் துப்பாக்கியை என் கையில் கொடுத்துச் சுடச் சொன்னார். சுட்டேன். காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பார்த்தால், வட்டத்துக்கெல்லாம் வெளியே, ஓரத்து வெள்ளையில் ஒரு சின்ன ஓட்டை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மட்டும் அந்த ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் மருந்துச் சாலையில் எதற்கும் ஒரு முடிவான பதில் கிடையாது. காய்ச்சல் இறங்கினால் கொய்னாவால் இறங்கியதா, தானாகவே இறங்கியதா, பூசாரி கட்டிய கயிற்றால் இறங்கியதா, யாருக்குத் தெரியும்? பிழைத்தால் சாமி காப்பாற்றியது, செத்தால் கம்பவுண்டர் கொன்றான். இந்தக் காகிதத்தில் அந்த வழவழா கொழகொழா இல்லை. நான் என்ன செய்தேனோ அது அங்கே ஓட்டையாக இருந்தது. நாற்பது வயதில் முதல் தடவையாக ஒரு பொருள் எனக்கு நேராகப் பதில் சொன்னது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

3

துப்பாக்கி வாங்க லீவு போட்டுக்கொண்டு பாலக்காட்டுக்குப் போனேன். அங்கே வலியங்காடிக் கடைவீதியில் பூட்டு, கிணற்றுக் கப்பி, துப்பாக்கி எல்லாம் ஒன்றாக விற்கிற ராவுத்தர் ஒருவர் இருந்தார். கேட்டவுடனே இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்து, காட்டுப்பன்றிக்கு இதைவிட்டால் வேறில்லை என்றார். பன்றிக்கு இல்லை, காகிதத்துக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, காயிதத்துல ஓட்டை போடத்தான வேணும்? வீட்டுல கோணூசி இல்லியா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அசையவில்லை. கடைசியில் உள்ளே போய் மூன்று துப்பாக்கிகளைக் கொண்டுவந்தார். முதலாவது காக்காய் விரட்டுவது. விளக்குமாறு மாதிரி இலேசு. என் மூச்சுக்கே அதன் முனை மேலும் கீழும் ஆடியது. இரண்டாவதில் தோட்டாக்களை வரிசையாக அடைத்துவிட்டு மளமளவென்று சுடலாம். ஒன்று தப்பினால் அடுத்தது இருக்கிறதே என்று ராவுத்தர் அதைத்தான் புகழ்ந்தார். ஒன்று ஏன் தப்பியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? மூன்றாவது நல்ல கனம். அடியில் உள்ள பிடியை இறக்கி ஒரே ஒரு தோட்டாவை வைத்து மூட வேண்டும். பின்பக்கம் கண்ணுக்கு நேராக ஒரு சின்னத் தகடு, அதில் ஊசித்துளை. அந்தத் துளை வழியாக முன்னால் உள்ள முனையையும் அதற்கப்பால் குறியையும் பார்க்க வேண்டும். தகட்டின் பக்கத்தில் இரண்டு திருகாணிகள். குண்டு இடப்பக்கம் போனால் ஒன்றைத் திருப்பு, மேலே போனால் மற்றதைத் திருப்பு.

படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சின்னத்துரை சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ராவுத்தர் கடைத் தரையில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தேன். கால் இரண்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் கூடிவிட்டார்கள். எனக்கு வலிப்பு என்று நினைத்து ஒரு புண்ணியவான் என் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வந்தார். கையில் ஏற்கெனவே துப்பாக்கி இருப்பதைப் பார்த்துவிட்டு எடுத்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கனமானதைத்தான் எடுத்தேன். ஆனால் அது நீண்ட கைக்காரருக்கு என்று செய்தது. பின்பக்கத்து மரக்கட்டை தோளில் பதிந்தால் கண் துளைக்கு எட்டவில்லை. கண் எட்டினால் விரல் விசைக்கு எட்டவில்லை. ஆசாரியிடம் கொண்டுபோய்க் கட்டையில் இரண்டு விரற்கடை அறுத்தெடுத்தேன். அதன்பிறகு அது எனக்கென்றே பிறந்த மாதிரி தோளில் உட்கார்ந்தது. என் அளவுக்கு அறுத்ததால் இனி வேறு யாருக்கும் உதவாது என்று ராவுத்தர் எச்சரித்தார். வேறு யாருக்கு வேண்டும்?

4

வாங்குவது சுலபம், கொண்டுபோவதுதான் பாடு. பாலக்காடு வெள்ளைக்காரன் சர்க்கார். ரயிலில் ஒரு பீடி பிடிக்கிற நேரம் போனால் என் மாமியார் ஊர் சித்தூர், அது கொச்சி ராஜாவுடையது. நான் வேலை பார்ப்பது திருவிதாங்கூர். மூன்று ராஜ்யம், மூன்று சட்டம். துப்பாக்கியோடு மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் குற்றம். ஆகவே அந்தத் தடவை போகாமலே வந்துவிட்டேன். மருமகனுக்குத் துப்பாக்கி வந்ததும் திமிர் வந்துவிட்டது என்று அந்த வீட்டில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

மலை ஏறுகிற வழியில், எல்லைச் சவுக்கையில், சோதனைச் சாவடியில், துப்பாக்கியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். என்னத்துக்கு என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி. காகிதம் சுட என்றேன். அவர் நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் பாதி, எனக்கு மலையாளம் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு முழுப் பேச்சாகும் என்று நினைத்தீர்களானால் நீங்கள் எல்லை தாண்டிப் பார்த்ததில்லை. துப்பாக்கி அங்கே கிடந்து துருப்பிடித்தது. நான் மலைக்கும் சர்க்கார் கச்சேரிக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்தேன்.

கடைசியில் கச்சேரியில் சொன்னது இதுதான். தோட்ட முதலாளியாக இருந்தால் யானைக்கும் பன்றிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். கம்பவுண்டருக்கு அந்தத் தேவை இல்லை. குறி சுடத்தான் என்றால் கிளப்பில் அங்கத்தினராக இருக்க வேண்டும். கிளப்பிலோ, உத்தியோகஸ்தர்கள் முதல் வருஷம் பழகலாம். வருஷாந்தரப் போட்டியில் இத்தனை புள்ளி என்று வைத்திருப்பதை எட்டினால்தான் அங்கத்தினர். அதனால் போட்டி முடிகிறவரை தற்காலிக அனுமதி. எட்டினால் துப்பாக்கி எனக்கு. எட்டாவிட்டால் கச்சேரியில் ஒப்படைத்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறினேன்.

5

சுடப் பழகுவது என்றால் சுடுவது என்று நினைத்திருந்தேன். இல்லை. சும்மா கிடக்கப் பழகுவது. ஈரப் புல்லில் சாக்கைப் போட்டுக் குப்புறப் படுக்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். அசையக்கூடாது. நான் அசையமாட்டேன் என்பது மலையில் உள்ள அட்டைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வேட்டிக்குள்ளே ஏறி, தொடையில் சாவகாசமாக உட்கார்ந்து குடித்துவிட்டு, தானாக விழுந்து போகும். முனையைக் குறியில் நிறுத்தி விசையில் விரல் வைக்கிற நேரம் பார்த்து மூடுபனி இறங்கிக் குறியே காணாமல் போகும். பனி விலகக் காத்திருந்தால் மழை வரும்.

சின்னத்துரைதான் சொல்லிக் கொடுத்தார். அவர் தமிழ் படித்தது கங்காணிகளிடம். அவர்கள் கூலிக்காரர்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படித்தான் அவர் எல்லாரையும் கூப்பிடுவார். "ஏய், நீ விரல் இழுக்காதே. பிழி. மெல்ல பிழி." என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர், என்னை 'ஏய்' என்கிறார். அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. அவருக்குத் தெரிந்த தமிழில் அதுதான் மரியாதை.

ஆனால் அவர் சொன்னது சரி. என் குற்றம் விரலில் இருந்தது. ஊசி குத்துகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு: நோயாளி நினைப்பதற்குள் சடக்கென்று குத்திவிட வேண்டும். என் விரல் விசையிலும் அதையே செய்தது. ஒவ்வொரு தடவையும் குழல் முனை தெறித்து, குண்டு கீழே இறங்கியது. கண்ணும் மூச்சும் வசமான பிறகும் இந்த ஒரு சனியன் மட்டும் போகவில்லை. கடைசியில் மருந்துச் சாலையில் சொட்டு மருந்து விடும்போது பழகினேன். ரப்பர் குமிழைப் பிழிகிறோமே, எப்போது விழுமென்று நமக்கே தெரியாமல் சொட்டு விழும். விசையும் அப்படி விழ வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் என் ஓட்டைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. அங்கத்தினராக வேண்டிய புள்ளியைத் தாண்டியும் போகத் தொடங்கினேன்.

அதைப் பற்றிப் பெருமைப்பட ஓர் ஆள் வேண்டாமா? பக்கத்து வீட்டு ரைட்டர் இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரர், தோட்டக் கணக்கு எழுதுகிறவர். சாக்கைச் சுருட்டிக்கொண்டு திரும்பும் என்னை வாசலில் நிறுத்தி, "என்னவே கம்பவுண்டரு, இன்னைக்கு எத்தனை பேப்பரு விழுந்துச்சு? நமக்குக் கறி உண்டுமா?" என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கூலிக்காரர் குடியிருக்கிற லயத்து ஜனங்கள் முதலில் பன்றிக்கறி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பிறகு எனக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் மனைவி தெய்வானை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏனுங்க, ஒரு முசலாச்சும் சுடப்படாதுங்களா?" சுடமாட்டேன் என்று சொன்னபிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காதது இன்னும் மோசம்.

6

எங்களுக்கு ஒரே பெண், மரகதம். இங்கத்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பாடம் மலையாளம். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடித் திருநெல்வேலிப் பேச்சு. வீட்டில் தெய்வானை பேசுகிற எங்கள் கொங்குப் பேச்சு அவளுக்குப் புரியும், வாயில் வராது. போன பொங்கலுக்கு அவளுடைய மாமன், எங்க ஊர் பிடிச்சிருக்கா கண்ணு என்று கேட்டதற்கு, மலையாளத்தில் 'இஷ்டமாணு' என்றாள். மாமன் பேந்தப் பேந்த விழித்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிழைக்க வந்தவனுக்குப் பெண் அந்நியமாவதைத் தடுக்க வழியில்லை என்று ஊரில் நிறையப் பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அது ஒருநாளில் நடப்பதில்லை. இன்றைக்கு ஒரு வார்த்தை, நாளைக்கு ஒரு நோன்பு, அடுத்த மாதம் தலை பின்னுகிற விதம். நாம் கேட்பதற்குள் அது பழக்கமாகிவிடுகிறது.

ஒரே மேசை, ஒரே விளக்கு. அந்தப் பக்கம் அவள் கணக்குப் போடுவாள். இந்தப் பக்கம் நான் அன்றன்றைக்குச் சுட்ட காகிதத்தை வைத்து, ஒவ்வோர் ஓட்டைக்குப் பக்கத்திலும் என்ன தப்பு என்று சிவப்பு மையில் குறிப்பேன். மூச்சு. விரல். அவசரம். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், நானும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

7

வருஷாந்தரப் போட்டி போன வருஷம் நவமியன்று காலையில் வந்தது. துரைமாருக்கு நவமியாவது தசமியாவது. எனக்கும் அதில் சங்கடம் தோன்றவில்லை. காலையில் சுட்டுவிட்டு வந்து, துடைத்து எண்ணெய் போட்டு, நம் வழக்கப்படி நவமி மாலைப் பூஜைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நாங்கள் எப்போதும் நவமியன்றுதானே வைக்கிறோம்.

அஷ்டமியன்று மருந்துச் சாலையைப் பூட்டிவிட்டு வந்தேன். விளக்கு எரிகிறது, சாம்பிராணிப் புகை. பலகைமேல் பட்டுத்துணி விரித்து மரகதத்தின் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அதன் உச்சியில் என் துப்பாக்கி. குழல் முனையில் குங்குமம். கண் வைத்துப் பார்க்கிற துளையில், சரியாக அந்தத் துளையை அடைத்துக்கொண்டு, உருண்டையாக ஒரு சந்தனப் பொட்டு.

மரகதம் சிரித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு வைக்கச் சொன்னார்களாம். நாளைக்கு முழுக்கத் தொடக்கூடாதாம், தசமி காலையில்தான் எடுக்கணுமாம். தெய்வானைக்கும் அது புதிது. ஆனால் பெண் ஆசையாகச் செய்கிறாளே என்று சூடம் காட்டிவிட்டாள். நான் கையை நீட்டினேன்.

"ஏனுங்க, தொடாதீங்க. பூச போட்டாச்சுங்க," என்றாள் தெய்வானை.

போட்டியைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். தோற்றால் துப்பாக்கி போய்விடும் என்பதையும் சொன்னேன். தெய்வானை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மரகதத்தின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இது எந்த ஊர்ப் பழக்கம், யாரைக் கேட்டு வைத்தாய், உனக்கு நம் வழக்கம் ஒன்றாவது தெரியுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன்.

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் கையை இரண்டு தடவை நீட்டினேன். ஆனால் அந்தத் துளையில் பார்க்க வேண்டுமானால் சாமிக்கு வைத்த சந்தனத்தைக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். குங்குமத்தை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அவள் வைத்தது தப்பான நாளாக இருக்கலாம். வைத்தது வைத்ததுதான். முதலமடையில் பிறந்தவன் கை அதற்கு மேல் போகவில்லை.

8

மறுநாள் காலை வெறுங்கையோடு போனேன். சின்னத்துரையிடம் உண்மையைச் சொன்னேன்: துப்பாக்கி பூஜையில் இருக்கிறது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஓ, சாமி காரியம் என்று தலையாட்டிவிட்டு, உடனே தன் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். நல்ல மனிதர். தன்னுடைய முறையை முடித்துவிட்டு, பெரிய துரைகளோடு டீ குடிக்க மாடிக்குப் போய்விட்டார்.

படுத்தேன். கட்டை நீளம். கழுத்தை நீட்டிக் கண்ணைத் துளைக்குக் கொண்டுபோனேன். பழகிப் பார்க்க முதலில் தனிக் காகிதத்தில் சில குண்டுகள் உண்டு. சுட்டேன். அன்றைக்கு என் விரல் பிழிந்த மாதிரி அதற்கு முன்னால் பிழிந்ததில்லை. மூச்சு நின்றது, பனியும் இல்லை. குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. ஓர் அணாக் காசை வைத்தால் மறைந்துவிடும், அத்தனை நெருக்கம். ஆனால் விழுந்த இடம் இடப்பக்க மேல்மூலை, வட்டங்களுக்கெல்லாம் வெளியே.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. துளைத் தகடு அவருடைய கண்ணுக்கும் கழுத்துக்கும் ஏற்றபடி திருகி வைத்தது. இரண்டு திருகாணியையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பினால் அத்தனை ஓட்டையும் நடுவில் வந்து உட்காரும். திருப்ப எனக்குத் தெரியும். கையும் பக்கத்திலேயே இருந்தது.

திருப்பவில்லை. துரையுடைய துப்பாக்கி. அவர் நம்பிக் கொடுத்தது. அவர் கண்ணுக்கென்று வைத்திருப்பதை அவரைக் கேட்காமல் கலைப்பதாவது? இரவல் வாங்கிய மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாற்றுவோமா? கேட்கலாம் என்றால் அவர் மாடியில், பெரிய துரைகளுக்கு நடுவில். நான் படியேறிப் போய் நிற்கிற இடமா அது? ஆகவே குறிக்கு எதிர்ப்பக்கமாக, வலது கீழ்மூலையைப் பார்த்து, உத்தேசமாக நகர்த்திப் பிடித்துச் சுட்டேன். பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி இல்லாத வெள்ளைக் காகிதத்தில் உத்தேசம் எத்தனை தூரம் போகும்? ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, ஒன்று ஓரம். எட்ட வேண்டிய புள்ளிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

சின்னத்துரை இறங்கி வந்து இரண்டு காகிதத்தையும் பார்த்தார். முதலில் சுட்டதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏய், நீ ஏன் ஸ்குரு திருப்பலே?"

"உங்க துப்பாக்கிங்க, தொரை."

அவருக்கு அது விளங்கவே இல்லை. திருப்பத்தானே ஸ்குரு இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் எந்தத் தமிழில் அவருக்கு விளக்குவேன்? கிளப்பில் எனக்காகப் பேசியும் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்றார்கள். தசமிக்குப் பிறகு சந்தனத்தைக் கழுவி, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, கச்சேரியில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். திரும்பக் கேட்டு மனுவுக்கு மேல் மனு கொடுத்துவிட்டேன். மனுவை மலையாளத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தரச் சொல்லி மரகதத்தைக் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. வேறு ஆளைப் பிடித்து எழுதினேன். உண்மையைச் சொன்னால் அந்த நவமிக்குப் பிறகு அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. சாப்பிட்டாயா, படித்தாயா, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பகட்டுக்காக என் ஒரு வருஷ உழைப்பை எடுத்துப் பலகையில் வைத்து நாசமாக்கிவிட்டாள் என்ற வயிற்றெரிச்சல் எனக்கு ஆறவில்லை.

9

மேலே உள்ளதையெல்லாம் மத்தியானமே எழுதி முடித்துவிட்டேன். கச்சேரியை நாலு வார்த்தை திட்டி, பிள்ளைகளை வேற்று ராஜ்யத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு புத்தியும் சொல்லி முடிப்பதாக உத்தேசம். அதற்குள் மரகதம் வந்து வாசற்படியில் நின்றாள். இந்த வருஷமும் இன்றைக்கே வைக்கட்டுமா, நாளைக்கு வைக்கட்டுமா என்று கேட்டாள். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்துவிட்டாள். நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்படியோ போ என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை. வேறொன்று வந்தது. போன வருஷம் நீ ஏன் அதை எடுத்து அங்கே வைத்தாய் என்று கேட்டேன். ஆயுதத்தை அம்மா அரிவாளோடு வைத்துக்கொள்ளமாட்டாளா, நீ ஏன் உன் புத்தகத்துமேல் கொண்டுபோய் வைத்தாய்?

அவள் விளக்கு வைக்கிற மேசையைக் கையால் காட்டினாள்.

"அது ஆயுதமாப்பா? நீங்க அத வச்சு ஒண்ணையும் கொல்லலியே. தெனமும் வந்து உக்காந்து, எங்க தப்புன்னு செவப்பு மையில எழுதி எழுதிப் பாத்தீங்க. நான் கணக்குப் போடறாப்லதான். அது ஒங்க படிப்புன்னு நெனச்சேன். அதான் எம் பொஸ்தகத்துக்கு மேல வச்சேன்."

ஒரு வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியே."

ஊரிலிருந்து இந்த மலைவரைக்கும் ராவுத்தர் சிரித்தார், சவுக்கைக்காரர் கேலி என்று நினைத்தார், இசக்கிமுத்து இன்றைக்கும் சிரிக்கிறார். கட்டிய மனைவி ஒரு முயலையாவது கேட்டாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சரியாகத் தெரிந்த ஒரே ஆள் என் மேசைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத்தான் நான் ஒரு வருஷமாகப் பட்டினி போட்ட மாதிரி வைத்திருந்தேன்.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"இந்த வருசம் ஒங்களோடது என்ன வைக்கட்டும்ப்பா?"

துப்பாக்கி கச்சேரியில் கிடக்கிறது, என்னிடம் வைக்க ஒன்றும் இல்லை. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. முதலமடைக்கு நாளைக்குத்தான் பூஜை, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஏதோ உளறிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே இன்றைக்கே பலகை போட்டு விளக்கு ஏற்றியாகிவிட்டது. சந்தனம் காய்ந்து போகிறது என்று தெய்வானை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். மரகதம் கூப்பிடவில்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் புத்தகங்களின் உச்சியில் எனக்கு இடம் விட்டு, நான் வருவேன் என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.